பழைய ரோடு சைக்கிள் ஃபிரேம்: இத்தாலியா, ஜப்பானா? எந்தப் பாகம் பொருந்தும்?

யீஷூன்வாசி:
வணக்கம். ஃபோர்க்கோடு பழைய ஸ்டீல் ஃபிரேம் ஒன்று இங்கே சிங்கப்பூரில் 90 வெள்ளிக்குக் கிடைத்தது. மேலே யாரோ கறுப்பு ஸ்பிரே அடித்துவிட்டிருக்கிறார்கள், ஸ்டிக்கர் எதுவும் இல்லை. விற்றவர் 'அசல் இத்தாலி' என்று அடித்துச் சொல்கிறார். சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட் இல்லை, பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் உள்ளேயே இறுகிக் கிடக்கிறது. பின்சக்கரம் உட்காரும் இடைவெளி 126 மி.மீ. வீட்டில் 700சி சக்கரம் ஒரு ஜோடி சும்மா இருக்கிறது, அதில் பின் ஹப் (சக்கரத்தின் நடுப்பாகம்) 130 மி.மீ. மாட்டலாமா? ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் வார இறுதியில் ஓட்டத்தான், பந்தயத்துக்கு இல்லை.

பழைய_இரும்பு:
தம்பி, விற்றவர் சொன்னதை ஓரமாக வைத்துவிட்டு ஸ்கேலை எடுங்கள். முதலில் ஒரு காந்தம் ஒட்டுகிறதா பாருங்கள், பெயிண்டுக்கு மேலேயே ஒட்டினால் ஸ்டீல்தான். அப்புறம் பாட்டம் பிராக்கெட் உட்காரும் ஃபிரேம் குழாயின், அதாவது ஷெல்லின், அகலம்: 70 மி.மீ. என்றால் இத்தாலி மரை, 68 என்றால் பெரும்பாலும் ஆங்கில மரை. பழைய பிரெஞ்சு ஃபிரேமும் 68தான், ஆனால் இங்கே அது அபூர்வம். கழற்றுவதற்கு முன்பே இது தெரிய வேண்டும், ஏனென்றால் ஆங்கில மரையில் செயின் பக்கத்துக் கப் (பாட்டம் பிராக்கெட்டை ஷெல்லில் பிடித்திருக்கும் மூடி) இடது மரை, அதைக் கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும். இத்தாலியில் இரண்டு பக்கமும் சாதாரண மரை. திசை தெரியாமல் பலத்தைக் காட்டினால் இன்னும் இறுகிப்போகும்.

126ல் 130 சக்கரம் போடலாம். பக்கத்துக்கு 2 மி.மீ. விரிய வேண்டும், ஸ்டீல் அதைத் தாங்கும், கையால் இழுத்தே மாட்டிவிடலாம். அலுமினியத்தில் மட்டும் இந்த வேலை வேண்டாம்.

யீஷூன்வாசி:
நன்றி அண்ணே. காந்தம் ஒட்டுகிறது. ஷெல் 68. பின்சக்கர அச்சு உட்காரும் டிராப்அவுட்டில் பெயிண்டைச் சுரண்டினேன், 'ஷிமானோ எஸ்.எஃப்.' என்று அச்சு தெரிகிறது. ஷெல்லுக்கு அடியில் ஓர் எழுத்தும் சில எண்களும் இருக்கின்றன.

பழைய_இரும்பு:
அப்படியானால் இத்தாலிக் கதை முடிந்தது. ஜப்பான் ஃபிரேமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, எண்பதுகளில் அவர்கள் செய்த வேலை சுத்தமாக இருக்கும், பாகமும் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அந்த டிராப்அவுட்டைப் பல கம்பெனிகள் வாங்கிப் போட்டிருக்கின்றன, அதை வைத்துப் பிராண்டைச் சொல்ல முடியாது. எண்ணும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

சீட் போஸ்ட் வாங்கும்போது கவனம். 26.6, 26.8, 27.0, 27.2 என்று 0.2 மி.மீ. வித்தியாசத்தில் வரும். சீட் போஸ்ட் இறங்கும் குழாயின் வாயில் அளக்காதீர்கள், அதிலுள்ள பிளவுக்குக் கீழே அளங்கள். பிளவின் இரண்டு காதும் ஒன்றை ஒன்று பார்த்து வளைந்திருந்தால், முன்பு யாரோ சிறிய போஸ்ட்டைப் போட்டு முறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தெம்பனிஸ்_ஃபிக்ஸி:
டிராப்அவுட் நீளவாக்கில் இருந்தால் ஒரே கியர் உள்ள சிங்கிள் ஸ்பீடாக மாற்றிவிடுங்கள் புரோ, கியர் செலவு மிச்சம்.

பழைய_இரும்பு:
மாற்றலாம், ஆனால் கைப்பிரேக் கட்டாயம் வேண்டும், பிரேக் இல்லாத ஃபிக்ஸிக்கு (சக்கரத்தோடு பெடலும் சேர்ந்தே சுற்றும் சைக்கிள்) இங்கே அனுமதி இல்லை. பிரேக் என்றதும் நினைவு வருகிறது: ஃபிரேம் 27 அங்குலச் சக்கரத்துக்குச் செய்ததாக இருக்கலாம். அதன் ரிம் விட்டம் 630 மி.மீ., 700சி ரிம் 622, ஆக வித்தியாசத்தில் பாதி, பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். சக்கரத்தை மாட்டி, பிரேக் துளையின் மையத்திலிருந்து ரிம்மின் பக்கவாட்டு நடுவரை அளந்து சொல்லுங்கள்.

யீஷூன்வாசி:
முன்னே 51, பின்னே 54 வருகிறது.

பழைய_இரும்பு:
நல்லது, 47–57 மி.மீ. ரீச் (நீங்கள் அளந்த அந்தத் தூரம்) உள்ள பிரேக் இரண்டுக்கும் போதும். நட் வெளியே தெரியும் பழைய வகை போல்ட்தான் வேண்டும் என்று கடையில் சொல்லிக் கேளுங்கள், இப்போது வருபவை பெரும்பாலும் உள்ளே புதையும் நட்.

எதையும் வாங்குவதற்கு முன் பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றி, ஷெல்லுக்குள் கைபேசி டார்ச் அடித்துப் பாருங்கள். நம்ம ஊர் மழைக்கும் ஈரப்பதத்துக்கும் தண்ணீர் போய்த் தேங்கும் இடம் அதுதான். மேலாகப் பொடித் துரு என்றால் தேய்த்து எண்ணெய் பூசினால் போதும். ஸ்குரூடிரைவர் நுனியால் அழுத்தும்போது உலோகம் உள்வாங்கினால் இந்த ஃபிரேமில் மேற்கொண்டு ஒரு வெள்ளிகூடப் போடாதீர்கள்.