நைனா தறிப் பக்கமே போவதில்லை: மூச்சு நோயோடு மனச்சோர்வும், வீட்டிலேயே செய்யும் பயிற்சி உதவுமா?

குடியாத்தம் மகள்

எல்லாருக்கும் வணக்கம். என் நைனாவுக்கு 64 வயது. நாற்பது வருஷம் கைலித் தறி நெய்தவர். பீடியும் உண்டு, நாளைக்கு ஒரு கட்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊதிப் பார்க்கும் டெஸ்ட் எடுத்துவிட்டு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் அடைபட்டுப் போகிற நாள்பட்ட நுரையீரல் நோய் என்றார்கள். அன்றைக்கே பீடியை விட்டுவிட்டார். காலையும் இரவும் ரோட்டாஹேலரில் கேப்ஸ்யூல் போட்டு இழுக்கிறார்.

போன ஐப்பசி மழையில் சளி கட்டி, ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார். அதிலிருந்து ஆளே மாறிப் போனார். திண்ணைக்குக்கூட வருவதில்லை. தறிக் கூடத்தின் கதவைச் சாத்தியே வைக்கச் சொல்கிறார். கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்துக்கு வருஷா வருஷம் முதல் ஆளாகக் கிளம்புகிறவர், இந்த வைகாசியில் மேளச் சத்தம் தெருவில் கேட்டபோதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "உங்களுக்கெல்லாம் பாரமாகிட்டேன்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டார்.

நுரையீரல் டாக்டர் ஒன்பது கேள்வி கேட்டு மார்க் போட்டார். 27-க்கு 13. நடுத்தர மனச்சோர்வாம். மனநல டாக்டரிடம் போகலாம் என்றதும் "எனக்கென்ன பைத்தியமா" என்று எழுந்துவிட்டார். மனச்சோர்வுக்கு நோட்டு வைத்துக்கொண்டு வீட்டிலேயே செய்கிற பயிற்சியும் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஐந்தாவது வரை படித்த, பத்து அடி நடந்தால் மூச்சு வாங்குகிற ஆளுக்கு அது சரிப்படுமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

வார்டு அக்கா

தங்கச்சி, நான் வேலூரில் நெஞ்சு வார்டில் 22 வருஷம் நர்ஸாக இருந்தவள். முதலில் சில விஷயங்களைப் பார்த்துவிடு.

அந்த ஒன்பது கேள்வியில் களைப்பு, தூக்கம், பசி மூன்றும் நுரையீரல் நோயாலும் கெடும். அதனால் முதல் இரண்டு கேள்வியைத் தனியாகப் பார்: எதிலும் ஆர்வம் இல்லையா, மனசு விட்டுப் போய்விட்டதா. நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் இரண்டுமே இருக்கிறது. ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. பாரம் என்று ஒருவர் சொல்லும்போது அதை நேராகவே கேட்டுவிடு. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாக ஆகிவிடும் என்று பயப்படாதே, அப்படி ஆகாது. ஆமாம் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, தனியாக விடாதே. ராத்திரியில் கைகால் ஓடவில்லை என்றால் 14416-க்குப் போன் போடு. அரசாங்கத்தின் இலவச மனநல எண், தமிழில் பேசுவார்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.

அடுத்தது மருந்து. ஆஸ்பத்திரியில் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை இன்னும் ஓடுகிறதா? அது தூக்கத்தையும் மனசையும் கலைக்கும். மூச்சு வாங்கும்போது இழுக்கிற சால்புட்டமால் மருந்து அதிகம் போனால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், அதையே பயம் என்று நினைத்துக்கொள்வார்கள். எதையும் நீயாக நிறுத்தாதே, டாக்டரிடம் கேள். மெடிக்கலில் சொல்லித் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதே, அதில் பல மாத்திரைகள் மூச்சையே மட்டுப்படுத்தும்.

டாக்டர் சொன்ன நோட்டுப் பயிற்சி, அதாவது அன்றாடம் செய்வதையும் நினைப்பதையும் எழுதிப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது, நிஜமான வைத்தியம்தான். பிரிட்டனில் நைஸ் என்ற அரசு அமைப்பு 2009-லேயே, நாள்பட்ட உடல்நோயோடு வரும் லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கு இதைப் பரிந்துரைத்தது. ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது இல்லை. கூடவே ஒருவர் ஆறிலிருந்து எட்டு முறை, 9 முதல் 12 வாரத்துக்குள், நேரிலோ போனிலோ விசாரிக்க வேண்டும்.

விரிஞ்சிபுரம் தபால்

அம்மா, உன் நைனா இருக்கிற இடத்தில் நானும் இருந்துவிட்டு வந்தவன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முப்பத்து மூன்று வருஷம் சைக்கிளில் தபால் கொடுத்தேன். நுரையீரல் கெட்ட பிறகு தெருமுனைக் கடைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நிற்க வேண்டி வந்தது. நிற்கும்போது யாராவது "என்ன தபால்காரரே, இங்கேயே நின்னுட்டீங்க" என்று கேட்பார்கள். அதற்காகவே வெளியே போவதை விட்டேன். மூச்சைவிட அந்த வெட்கம்தான் என்னை வீட்டுக்குள் உட்கார வைத்தது. எந்த டாக்டரிடமும் இதை நான் சொன்னதில்லை.

பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பெண் ஒரு நோட்டு கொடுத்தாள். நேரம் போட்டு, என்ன செய்தேன் என்று எழுத வேண்டும். பக்கத்தில் மனசுக்குப் பத்துக்கு எத்தனை, மூச்சு வாங்கியது பத்துக்கு எத்தனை. என் முதல் வாரம் இப்படி இருந்தது: படுத்தேன், டிவி, படுத்தேன், சாப்பாடு, படுத்தேன். மனசு 2, 2, 1, 2. ஒரே ஓர் இடத்தில் 5. செவ்வாய்க்கிழமை மதியம் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு முதியோர் பென்ஷன் மனு எழுதிக் கொடுத்திருந்தேன். உட்கார்ந்த இடத்து வேலை, மூச்சும் 2-க்கு மேல் வாங்கவில்லை. அந்தப் பெண் 5-ஐச் சுற்றி வட்டம் போட்டு, "ஐயா, அடுத்த வாரம் இது ரெண்டு தடவை வரணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

செவ்வாயும் வெள்ளியும் பத்து மணிக்குப் பேனாவோடு திண்ணைக்கு வருவது என்று வைத்துக்கொண்டேன். மனசு சரியானதும் வருகிறேன் என்ற பேச்சே கிடையாது, பத்து அடித்தால் வர வேண்டும். சில நாள் யாருமே வரவில்லை. அன்றும் உட்கார்ந்தேன்.

நடை அப்புறம்தான் ஆரம்பித்தேன். எங்கள் கோவில் மதிலைத் தெரியும் இல்லையா, மதிலழகுக்கே பேர் போன ஊர். அந்த நிழலில் காலையில் நாற்பது தப்படி, நின்று மூச்சு வாங்கல், திரும்ப நாற்பது. வாரத்துக்குப் பத்து தப்படி கூட்டினேன். நன்றாக இருக்கிற நாளில் ஆசைப்பட்டு நூறு நடக்கக் கூடாது, அடுத்த இரண்டு நாள் படுக்க வைத்துவிடும்.

மூச்சு வாங்கும்போது வரும் பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நமக்கு உள்ளே போன காற்று முழுசாக வெளியே வருவதில்லை. பயந்து வேகமாக இழுத்தால் பழைய காற்று உள்ளேயே தங்கிவிடும், புதுசுக்கு இடம் இருக்காது. காட்பாடி பஸ்ஸில் இறங்குகிறவர்கள் இறங்கும் முன்னே ஏறுகிறவர்கள் முட்டினால் என்ன ஆகும்? அதுதான். மூக்கால் இரண்டு எண்ணி இழுத்து, சூடான டீயை ஊதுவது போல உதட்டைக் குவித்து நான்கு எண்ணி விட வேண்டும். உட்கார்ந்து முன்னால் குனிந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொண்டால் இன்னும் லேசாகும். முகத்துக்கு நேராக விசிறிக்கொண்டாலும் நல்ல வித்தியாசம் தெரியும். எனக்குப் பனையோலை விசிறி எப்போதும் பக்கத்தில் இருக்கும்.

ஒவ்வொரு தடவையும் "இதோ போய்விடுவேன்" என்றுதான் தோன்றும். அதையும் எழுதச் சொன்னாள், கூடவே எத்தனை நிமிஷத்தில் அடங்கியது என்றும். நான்கு, ஆறு, மூன்று, ஐந்து. ஒரு மாசக் கணக்கு கண் முன்னே இருந்தபோது அந்த நினைப்பின் பிடி தளர்ந்தது. வழக்கத்தைவிட மோசமாக வாங்கினாலோ, மருந்து இழுத்தும் அடங்காவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ நோட்டை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

இவ்வளவு சொல்கிறேன், ஆனால் முதல் தடவை அந்த நோட்டை இரண்டு மாசம் பீரோவில்தான் வைத்திருந்தேன். எடுக்க வைத்தது ஒரு போன். கூட வேலை பார்த்தவன், காட்பாடியில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்குக் கூப்பிட்டு மூன்றே கேள்வி கேட்பான். என்ன எழுதி வைத்தாய், எதைச் செய்தாய், எது முடியவில்லை. புத்தி சொல்ல மாட்டான், அதனால்தான் உண்மையைச் சொன்னேன். மகன் கேட்டிருந்தால் "எல்லாம் நல்லா இருக்கேன்" என்றிருப்பேன். 15 இருந்த என் மார்க் பதினோரு வாரத்தில் 7 ஆனது. ஊதும் டெஸ்ட்டில் ஒரு மாற்றமும் இல்லை, மூச்சு அப்படியேதான் இருக்கிறது.

ஆம்பூர் மருமகள்

எங்கள் அத்தை பீடியைத் தொட்டதே இல்லை. விறகடுப்புப் புகைதான், முப்பது வருஷம். எங்களுக்கு நோட்டு முதலில் ஒத்து வரவில்லை. சாப்பாட்டைத் தள்ளினார், குளிக்க மாட்டேன் என்றார், எடை இறங்கிக்கொண்டே போனது. "எழுதுங்க அத்தை" என்றால் அழுதார். அந்த நிலையில் பயிற்சி சொன்னது தவறு என்று இப்போது நினைக்கிறேன். மனநல டாக்டர் மாத்திரை கொடுத்து ஐந்தாறு வாரம் கழித்துத்தான் உட்கார்ந்து பேசவே முடிந்தது. உங்கள் நைனா சாப்பிடுகிறாரா என்று பாருங்கள் அக்கா. மாத்திரை வேண்டி வந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

குடியாத்தம் மகள்

எல்லாருக்கும் நன்றி. சாப்பாடு குறைந்திருக்கிறது, ஆனால் இரண்டு வேளை சாப்பிடுகிறார். ஸ்டீராய்டு மாத்திரை எப்போதோ முடிந்துவிட்டது. தபால் ஐயா, அவருக்குத் தெரிந்தது தறி ஒன்றுதான். உட்கார்ந்து தார் சுற்றச் சொல்லலாமா, ஊடை நூலைக் குச்சியில் சுற்றுகிற வேலை? அவர் எழுத மாட்டார், நான் எழுதினால் பரவாயில்லையா?

வார்டு அக்கா

தார் சுற்றுவது வேண்டாம், பஞ்சுத் தூசி பறக்கும். தறிக் கூடத்துக்குள் உட்கார வைக்காதே. தறி சம்பந்தமாகத் தூசி இல்லாத வேலை ஏதாவது இருக்கும், யோசி.

விரிஞ்சிபுரம் தபால்

நீ எழுது அம்மா, மார்க்கை மட்டும் அவர் வாயால் சொல்லட்டும். நீ பார்த்து 3 இருக்கும் என்று போடாதே. கைலிக்குக் கட்டம் கணக்கு யார் போடுகிறார்கள்? எந்த நிறத்தில் எத்தனை இழை என்பது அவருக்கு மனப்பாடமாக இருக்குமே.

குடியாத்தம் மகள்

அக்கா சொன்னபடி நேராகக் கேட்டேன். வாய் வரவே இல்லை, இருந்தாலும் கேட்டுவிட்டேன். "சாகணும்னு இல்லம்மா, இப்படி இருக்க வேணாம்னு தோணுது" என்றார். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம், இதை அவரிடமும் சொல்லப் போகிறேன். மனநல டாக்டர் என்றால் இன்னும் மாட்டேன் என்கிறார். நுரையீரல் டாக்டர் முன்னால் பேச ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் புதுக் கட்டத்துக்குக் கணக்குக் கேட்டு வந்தான், நான்தான் வரச் சொன்னேன். நைனா வாசல் வரை வந்து நாற்காலியில் உட்கார்ந்து, பச்சைக்கு இத்தனை, சிவப்புக்கு இத்தனை என்று இருபது நிமிஷம் சொன்னார். நடுவில் ஒரு தடவை நிறுத்தி உதட்டைக் குவித்து மூச்சு விட்டார். இரவு நோட்டை எடுத்தபோது, "அதுக்கு 4 போடு" என்றார்.

வாரா வாரம் விசாரிக்கப் பேரணாம்பட்டுச் சித்தப்பாவிடம் கேட்டிருக்கிறேன். சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே தறியில் மாறி மாறி உட்கார்ந்தவர்கள். புத்தி சொல்லாமல் மூன்று கேள்வி மட்டும் கேட்பீர்களா சித்தப்பா என்றேன். எழுதிக் கொடு, பார்த்துப் படிக்கிறேன் என்றார்.