யாழ்ப்பாணத்து மனைவியை ஊருக்கு அழைத்துவந்த கதை: குடும்ப விசா அனுபவங்கள்

எனக்குக் கும்பகோணம் பக்கம். மனைவிக்கு யாழ்ப்பாணம். 2023 ஜூனில் இங்கேதான் கல்யாணம். சுற்றுலா விசாவில் வந்திருந்தார். சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் நோட்டீஸ், இலங்கையிலிருந்து அவருக்குத் திருமணம் ஆகவில்லை என்ற சான்றிதழ் எல்லாம் சரியாகவே முடிந்தன. "கல்யாணம்தான் ஆயிடுச்சே, அப்புறம் எதுக்குத் திரும்பிப் போகணும்?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்டார்கள். எங்களுக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் விசா காலம் முடியும் முன்பே அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவைத்தேன். இந்தியக் குடிமக்களின் கணவன் அல்லது மனைவிக்குத் தருவது 'என்ட்ரி விசா'. எக்ஸ் விசா என்றும் சொல்வார்கள். அதற்கு அங்கிருந்தே விண்ணப்பிக்கலாம் என்று முடிவு செய்தோம்.

ஆன்லைனில் படிவம் நிரப்பி, அச்செடுத்து, நேரில் கொடுக்க வேண்டும். புகைப்படம் இரண்டு அங்குலச் சதுரம், பின்னால் வெள்ளை. தாத்தா பாட்டி யாராவது பாகிஸ்தானைச் சேர்ந்தவர்களா, கடந்த மூன்று ஆண்டில் வேறு எந்த சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டுக்குப் போனீர்கள், உடம்பில் அடையாளம் என்ன என்றெல்லாம் கேட்கும். அதில் ஒன்றும் சிக்கல் இல்லை. எங்களைப் பிடித்துக்கொண்டது பெயர்.

நம் பெயர் வைக்கும் வழக்கம் இந்தப் படிவங்களுக்குப் பொருந்துவதே இல்லை. என் ஆதாரில் பெயருக்கு முன்னால் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, குடும்பப் பெயர் என்ற இடத்தில். கல்யாணச் சான்றிதழில் மறுபடி இனிஷியல். மனைவியின் கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகவும் சொந்தப் பெயர் 'மற்றப் பெயர்கள்' என்றும் இருக்கிறது. கல்யாணச் சான்றிதழிலோ அவர் பெயருக்கும் இனிஷியல்தான் போட்டிருந்தார்கள். பதிவாளர் அலுவலகத்தில் தட்டச்சு செய்து நீட்டியபோது சந்தோஷத்தில் இருந்தோம், யாரும் கவனிக்கவில்லை. விண்ணப்பத்தை வாங்கிய பெண் சான்றிதழையும் கடவுச்சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இரண்டிலும் இருப்பது நீங்கள்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டாராம். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அன்று சாயங்காலம் மனைவி போனில் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

நோட்டரியிடம் போய் இருவருக்கும் தனித்தனியாகப் பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கினேன். முதலில் ஸ்கேன் அனுப்பினேன். அசல்தான் வேண்டும் என்றார்கள். கொழும்பு போகும் உறவினர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டேன். அதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. கல்யாணச் சான்றிதழ் வாங்கும் நாளிலேயே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பத்து நிமிடத்தை நாங்கள் செலவழித்திருந்தால் ஆடி, ஆவணி முழுக்கப் பிரிந்து இருந்திருக்க மாட்டோம்.

விசா அக்டோபரில் கிடைத்தது. இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன்: விசா கொடுத்த தேதியிலிருந்தே காலம் ஓட ஆரம்பித்துவிடும், வந்து இறங்கிய நாளிலிருந்து அல்ல. அக்டோபர் 14 அன்று யாழ்ப்பாணத்துப் பக்கம் இருக்கும் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் கப்பல் விட்டார்கள். கப்பலிலேயே வருகிறேன் என்று ஆசைப்பட்டார். நாகையிலிருந்து எங்கள் ஊர் கிட்டத்தில்தான். ஆனால் சில நாளிலேயே மழைக்காலம் என்று நிறுத்திவிட்டார்கள். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் வந்தார்.

வந்த பிறகும் வேலை இருந்தது. 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்பதால் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டியிருந்தது. இணையதளத்திலேயே பதிந்தோம். கரண்ட் பில் அப்பா பெயரில் இருந்ததால் அப்பாவிடம் ஒரு ஒப்புதல் கடிதமும் அவர் ஆதார் நகலும் வாங்கிச் சேர்த்தேன். வெளிநாட்டவர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதைத் தெரிவிக்கும் படிவம் (அப்போது 'சி படிவம்') கொடுக்க வேண்டும் என்பது சொந்த வீட்டுக்கும் உண்டு. மருமகள்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

*

தம்பி, உங்கடை பதிவை வாசிச்சனான். நானும் யாழ்ப்பாணம்தான். 2017இலை கலியாணம் கட்டி வந்தனான், இப்ப சென்னையிலை இருக்கிறன். நான் வந்த நேரம் இந்த ஒன்லைன் பதிவு ஒண்டும் இல்லை. விடியக் காலமையே ஹாடோஸ் ரோட்டிலை இருக்கிற சாஸ்திரி பவனுக்குப் போய் வரிசையிலை நிக்கவேணும். ஒரு கொப்பி குறைஞ்சாலும் திருப்பி அடுத்த நாள்.

பிள்ளை பெறுற யோசனை இருக்கிற தங்கச்சிமாருக்கு ஒண்டு சொல்லோணும். இந்தியாவிலை பிறக்கிற பிள்ளைக்குத் தாய் தகப்பனிலை ஒராள் இந்தியக் குடிமகனா இருந்தால் மட்டும் காணாது. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்த பிள்ளையெண்டால், மற்ற ஆள் அந்த நேரம் சட்டவிரோதக் குடியேறியா இருக்கக் கூடாது. அதாலை விசா முடிய விட்டிடாதேங்கோ. நீடிப்புக்கு முடியிறதுக்கு முதலே விண்ணப்பியுங்கோ. எனக்கு மகள் பிறக்கிற மாதத்திலைதான் விசா முடியிறதா இருந்தது. ஏழாம் மாத வயிறோடை இருந்து எல்லாக் கடுதாசியையும் ஏத்தினனான்.

கலியாணம் பதிஞ்சு இரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்தால் ஓசிஐ அட்டைக்கு, அதாவது திரும்பத் திரும்ப விசா எடுக்காமல் இஞ்சை இருக்க விடுற அட்டைக்குப் போடலாம். எனக்குக் கிடைச்சிட்டுது, அதுக்குப் பிறகு நிம்மதி. ஏழு வருஷம் இஞ்சை இருந்தால் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கலாம் எண்டு சொல்லுகினம். ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமை தாறதில்லை, இலங்கைக் கடவுச்சீட்டை விடவேணும். அம்மா அங்கை தனிய இருக்கிறா. எனக்கு இன்னும் மனம் வரேல்லை.

*

ராமநாதபுரத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் செய்யாமல் தவிர்த்த தப்பைத்தான் என் தம்பி செய்தான். சுற்றுலா விசா முடிந்தும் மனைவியை இங்கேயே வைத்துக்கொண்டான். அவருடைய அப்பா இலங்கையில் காலமானபோது உடனே புறப்பட முடியவில்லை. அபராதம் கட்டி, வெளியேறுவதற்குத் தனி அனுமதி வாங்கிப் போவதற்குள் எட்டாம் நாள் சடங்கே முடிந்துவிட்டது. அந்தப் பெண் முகத்தைப் பார்க்க எங்களுக்குத் தைரியம் இல்லை. இப்போது அங்கிருந்து முறையாக விண்ணப்பிக்கப் போகிறார். கும்பகோணம் அண்ணா, அந்தப் பிரமாணப் பத்திரத்தில் என்ன எழுதினீர்கள்? தம்பி சான்றிதழிலும் இனிஷியல்தான்.

*

தம்பிக்கு ஆறுதல் சொல்லுங்கள். நாங்கள் எழுதியது இவ்வளவுதான்: எந்த ஆவணத்தில் பெயர் எப்படி இருக்கிறது என்று ஆவண எண்ணோடு ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டு, "இவை யாவும் ஒரே நபரான என்னையே குறிக்கும்" என்று ஒரு வரி. இனிஷியலின் விரிவு அப்பா பெயர்தான் என்பதைத் தனியாகச் சொல்லி, பிறப்புச் சான்றிதழ் நகலையும் இணைத்தோம். அந்தப் பெண்ணுக்கும் அவர் கடவுச்சீட்டில் இருக்கிறபடியே ஒன்று எழுதி வாங்குங்கள். ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு அசல் வாங்கி ஒன்றை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்திலும் எங்களிடம் அதைக் கேட்டார்கள்.