திரட்டிய நிதி ஆராய்ச்சிக்கா, சிகிச்சையில் இருக்கும் குடும்பங்களுக்கா?

இளவேனில்:
வணக்கம். என் மகளுக்கு நான்கு வயதில் ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. இரண்டரை ஆண்டுச் சிகிச்சை முடிந்து இப்போது பள்ளிக்குச் செல்கிறாள். அந்த வார்டில் பழகிய ஒன்பது குடும்பங்கள் சேர்ந்து சிறு நிதி ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். சிலர், பணம் முழுவதும் ஆராய்ச்சிக்கே போக வேண்டும் என்கிறார்கள். அவர்களுள் இரு பெற்றோர் டி.ஐ.பி.ஜி. என்னும் மூளைத்தண்டுக் கட்டிக்குத் தம் குழந்தைகளைப் பறிகொடுத்தவர்கள் என்பதால், அவர்கள் முன் மாற்றுக் கருத்துச் சொல்லவே கூசுகிறேன். மற்றவர்களோ இன்று வார்டில் இருப்பவர்களின் பயணத்துக்கும் வாடகைக்கும் கொடுக்கலாம் என்கிறார்கள். எது கூடுதல் பயன் தரும்?

வேம்படி:
குழந்தைப் புற்றுநோய்ப் பிரிவில் சமூகப் பணியாளராக இருப்பவள் நான். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. வசதி மிக்க நாடுகளில் அவர்களுள் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் குணமடைய, வருவாய் குறைந்த நாடுகள் பலவற்றில் 30 விழுக்காட்டினர்கூடக் குணமடைவதில்லை. மருந்து கண்டுபிடிக்கப்படாதது மட்டுமே இதற்குக் காரணம் அன்று. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படும் வின்கிறிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்து 1960-களிலிருந்தே பயன்பாட்டில் இருக்கிறது. நோயைத் தாமதமாகக் கண்டறிதல், மருந்து கிடைக்காமை ஆகியவற்றோடு, சிகிச்சையைப் பாதியில் கைவிடுவதும் ஒரு பெருங்காரணம்.

அதை நான் நேரில் பார்த்து வருகிறேன். முதல் மாதக் கீமோவுக்குப் பின் குழந்தை ஓடியாடத் தொடங்கும். அதற்குள் தந்தையின் வேலை போயிருக்கும். வீட்டில் விட்டுவந்த இன்னொரு குழந்தையைப் பார்க்க ஆள் இருக்காது. ‘நன்றாகத்தானே இருக்கிறான்’ என்று உறவினர்களும் சொல்வார்கள். அடுத்த சிகிச்சைத் தேதிக்கு அந்தக் குடும்பத்தார் வரமாட்டார்கள். திரும்பி வரும் நோய் முன்னதைவிட அடங்காதது. என் கணக்கில் பயணச் செலவும் ஒரு மருந்துதான்.

கூர்நோக்கு:
வேம்படி அவர்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆயினும் கொடுப்பதற்கு மருந்து என ஒன்று இருப்பதே ஆராய்ச்சியால்தான். அமினாப்டெரின் மருந்தால் சில குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் தற்காலிகமாகத் தணிந்ததை அமெரிக்க மருத்துவர் சிட்னி ஃபார்பர் 1948-இல் வெளியிட்டபோது, அதுவே பெரும் வியப்பாக இருந்தது. இன்று நல்ல வசதியுள்ள இடங்களில் ஏ.எல்.எல். குழந்தைகளுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் பிழைக்கிறார்கள். பல மருத்துவமனைகள் ஒன்றுகூடி, மருந்துகளின் சேர்க்கையையும் அளவையும் ஆண்டுக்கணக்கில் சோதித்துத் திருத்தியதே இதற்கு முதன்மைக் காரணம். டி.ஐ.பி.ஜி.-யில் அந்த நிலை இன்னும் வரவில்லை. கட்டியை அறுத்தெடுக்க இயலாது, கதிர்வீச்சோ சில மாதங்களையே வாங்கித் தருகிறது. அந்தப் பெற்றோரின் கோரிக்கை நியாயமானது.

ஆனால், ஒன்பது குடும்பங்களின் பணத்தால் ஓர் ஆய்வுக்கூடத்தை நடத்த முடியாது. நோயாளிகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் மருந்து நிறுவனங்கள் தாமாகக் குழந்தைகள் பக்கம் திரும்புவதும் அரிது. அமெரிக்காவில் 2017-இல் நிறைவேறி 2020-இல் நடைமுறைக்கு வந்த ‘ரேஸ்’ சட்டம், பெரியவர்களின் புற்றுநோய்க்காக உருவாக்கப்படும் மருந்து குறிவைக்கும் மூலக்கூறு குழந்தைகளின் புற்றுநோயிலும் முக்கியமானது எனில், அதைக் குழந்தைகளிடமும் ஆராய வேண்டும் என்கிறது. இதற்காக விடாமல் வாதாடியவர்களுள் பெற்றோர் அமைப்புகளும் உண்டு. அத்தகைய வேலைக்குப் பணத்தைவிடப் பிடிவாதமே அதிகம் தேவை. இழந்தவர்களிடம் அது இருக்கிறது.

மறுபடி:
எனக்கு ஒன்பது வயதில் எலும்புப் புற்றுநோய் வந்தது. சிஸ்பிளாட்டின் என்னும் கீமோ மருந்து என் செவித்திறனில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. டாக்சோரூபிசின் என்னும் இன்னொரு மருந்தால் இதயம் பாதிக்கப்படலாம் என்பதால் இன்றும் எக்கோ எடுத்துவருகிறேன். சிகிச்சை முடிந்தவர்களைப் பற்றி இங்கு யாரும் பேசவில்லை. என் அக்காவைப் பற்றியும்தான்: அந்த ஓராண்டு முழுவதும் அவள் உறவினர் வீட்டில் வளர்ந்தாள், சாப்பிட்டாயா என்பதைத் தவிர வேறெதையும் அவளிடம் எவரும் கேட்கவில்லை.

இளவேனில்:
மூவருக்கும் நன்றி. அந்த இரு பெற்றோரிடமும் பேசினேன். சட்டக் கோரிக்கை எழுதும் பணியை அவர்களே ஏற்கிறார்கள். கையிலிருக்கும் பணம் பயணச் செலவுக்குப் போகட்டும் என்றும் சொன்னார்கள். அதை ரசீது பார்த்துக் கொடுப்பது முறையா?

வேம்படி:
வேண்டாம். முன்கூட்டியே கையில் கொடுத்துவிடுங்கள். ரசீது கொண்டுவந்தால் தருகிறோம் என்றால், முதல் பயணத்துக்கே பணமில்லாதவர் உங்களிடம் வந்து சேரவே மாட்டார்.