மறு: காவல் அமைப்புகளில் ‘ஆர்ம்’, ‘டிஸ்ஆர்ம்’ – ‘இயக்கு’, ‘அணை’ பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வீடுகளிலும் வணிக நிறுவனங்களிலும் பொருத்தப்படும் திருட்டு அலாரங்களின் விசைப்பலகைத் திரைக்குத் தமிழ்ச் சொற்கள் வேண்டும் என்று தொடங்கிய இந்த இழையில், ‘ஆர்ம்’ (யாரேனும் நுழைந்தால் ஒலிக்கும் நிலையில் அலாரத்தை வைப்பது), ‘டிஸ்ஆர்ம்’ (அந்த நிலையிலிருந்து விடுவிப்பது) என்னும் இரண்டுக்கும் இதுவரை நான்கு இணைகள் முன்வைக்கப்பட்டுள்ளன: ‘இயக்கு–அணை’, ‘ஆயுதமேற்று–ஆயுதமிறக்கு’, ‘விழிப்பு–துயில்’, ‘ஆயத்தம்–ஆயத்தநீக்கம்’. இவற்றுள் முதல் இணைக்கே ஆதரவு மிகுதி. எளிய சொற்கள், யாருக்கும் உடனே புரியும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். எளிமை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்த இணை தவறான ஒரு செய்தியை எளிமையாகப் புரியவைத்துவிடுகிறது. ஆகவே அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

> வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அலாரத்தை அணைக்கிறோம். பேச்சிலும் அப்படித்தான் சொல்கிறோம். பிறகு வேறு சொல் எதற்கு?

பேச்சில் அப்படிச் சொல்வது உண்மைதான். ஆனால் அப்போது கருவிக்குள் நடப்பது அணைதல் அன்று. வீட்டுக்காரர் குறியெண்ணை அழுத்தியதும், கதவிலுள்ள காந்த உணரியும் கூடத்திலுள்ள அசைவுணரியும் தரும் செய்திகளைக் கட்டுப்பாட்டுப் பெட்டி பொருட்படுத்தாமல் விடுகிறது; நிகழும் மாற்றம் அவ்வளவே. புகை உணரி, அவசரப் பொத்தான், கருவிகளின் மூடியைத் திறந்தால் தெரிவிக்கும் விசை ஆகியவை இணைக்கப்பட்ட பகுதிகள் 24 மணி நேரமும் கண்காணிப்பிலேயே இருக்கின்றன. மின்கலத்தின் அளவும் வெளித்தொடர்பும் தொடர்ந்து சரிபார்க்கப்படுகின்றன. கம்பியில்லா உணரிகள் தாம் செயல்படுவதைக் குறித்த இடைவெளியில் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. திரையில் ‘அணைக்கப்பட்டது’ என்று படிப்பவர், இப்போது எதுவுமே வேலை செய்யாது என்றுதான் எண்ணுவார். அப்படி எண்ணி ஒருவர் மின்கலத்தை மாற்றுவதற்காகப் பெட்டியின் மூடியைத் திறந்தால், சங்கு அலறும்போது திடுக்கிடுவார். இது சிறிய தொல்லை. பகலில் கடைக்குள் ஒருவர் கத்தியைக் காட்டி மிரட்டும்போது, அலாரம்தான் அணைந்திருக்கிறதே என்று எண்ணி மேசைக்கு அடியிலுள்ள அவசரப் பொத்தானை அழுத்தாமல் ஊழியர் ஒருவர் இருந்துவிட்டால், அந்தப் பிழைக்கு நாம் தேர்ந்த சொல்லும் ஒரு காரணமாகிவிடும். திரையில் வரும் சொல் கருவியின் உண்மை நிலையைச் சொல்ல வேண்டும் என்று நான் அழுத்திக் கூறுவது இதனால்தான்.

காவல் இறங்கியிருக்கும் வேளையிலும் கண்காணிப்பு ஏன் தொடர வேண்டும் என்பதைக் கம்பியிணைப்பிலிருந்தே விளக்கலாம். ஆகஸ்டஸ் ரசல் போப் 1853இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற மின்காந்த அலாரத்தில், கதவோ சன்னலோ திறந்தால் மின்சுற்று இணைந்து மணி ஒலிக்கும். திறந்தால் இணையும் இத்தகைய சுற்றில் கம்பியை வெட்டிவிட்டால் மணி ஒலிக்க வழியில்லை. எனவே இன்றைய அமைப்புகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறான முறை பின்பற்றப்படுகிறது: கதவு மூடியிருக்கும்போது சுற்று இணைந்திருக்கும், கதவு திறந்தாலும் கம்பி அறுந்தாலும் சுற்று முறிந்து செய்தி போகும். ஆயினும் இதையும் ஏமாற்ற ஒரு வழி உண்டு. காவல் இல்லாத பகல் நேரத்தில் யாரேனும் இரண்டு கம்பிகளையும் தோல் சீவி முறுக்கிவிட்டால், இரவில் கதவு திறந்தாலும் சுற்று இணைந்திருப்பதாகவே பெட்டி எண்ணும். இதைத் தடுக்கவே கம்பியின் கடைசி முனையில், உணரியின் கூட்டுக்குள்ளேயே, மின்தடை ஒன்றை வைக்கிறார்கள். பெட்டி எதிர்பார்ப்பது அந்தத் தடையின் அளவை. கம்பிகளை முறுக்கினால் தடை இல்லாமற் போகும். வெட்டினால் சுற்றே இல்லாமற் போகும். இரண்டு தடைகளைத் தக்கவாறு பொருத்தினால், கதவு திறந்ததையும் கம்பியில் யாரோ வேலை காட்டியதையும் பெட்டி வேறு வேறாக அறியும். இந்த இரண்டாவது வகைச் செய்தியைப் பகலிலும் கேட்டுக்கொண்டிருந்தால்தான் இத்தனை ஏற்பாட்டுக்கும் பயன் உண்டு. அணைந்து கிடக்கும் கருவியால் அதைக் கேட்க முடியாது.

மற்ற மூன்று இணைகளுக்கு வருகிறேன். ‘ஆயுதமேற்று’ என்பது மூலச்சொல்லின் நேர்ப்பெயர்ப்பு. ‘அலாரம்’ என்பதே ‘ஆயுதம் எடுங்கள்’ என்னும் இத்தாலிய அழைப்பிலிருந்து வந்தது என்பதால், மேலை மொழிகளில் இரண்டு சொற்களுக்கும் இடையே ஓர் உறவு இருக்கிறது. தமிழில் அந்த உறவு இல்லை; கதவில் காந்தமும் சுவரில் உணரியும் உள்ள வீட்டை ஆயுதம் தாங்கியது என்று சொன்னால் யாருக்கும் பொருள் விளங்காது. ‘விழிப்பு–துயில்’ செவிக்கு இனியது. விழிப்பு என்ற சொல்லுக்குக் காவலோடு இயல்பான உறவும் உண்டு. ஆனால் மறுபாதியான ‘துயில்’, ‘அணை’ செய்யும் அதே பிழையைச் செய்கிறது. மேலும் மின்கலத்தில் இயங்கும் கம்பியில்லா உணரிகள் மின்சாரத்தைச் சேமிக்க உண்மையாகவே உறக்கநிலைக்குச் சென்று மீள்கின்றன. காவலேறியிருக்கும் இரவிலும் அவை அப்படிச் செய்யும் என்பதால், ‘துயில்’ என்னும் சொல்லை அதற்காக விட்டுவைப்பது நல்லது.

‘ஆயத்தம்’ என்பதைப் பரிந்துரைத்த அம்மையார் கூறிய காரணங்கள் வலுவானவை. ஆனால் ‘ரெடி’ என்று ஒரு நிலை தனியாகவே உள்ளது. எல்லாக் கதவுகளும் சன்னல்களும் மூடியிருந்து, இனிக் காவலை ஏற்றலாம் என்னும்போது பெட்டி அதைக் காட்டுகிறது. ஒரு சன்னல் திறந்திருந்தால் ‘ஆயத்தமில்லை’ என்று காட்ட வேண்டும். ஆகவே ‘ஆயத்தம்’ இந்த நிலைக்கே உரியது. இதற்கும் அதையே, அதற்கும் அதையே வைத்தால், புறப்படும் அவசரத்தில் ‘ஆயத்தம்’ என்று படித்துவிட்டு, காவலேறிவிட்டதாக எண்ணிப் பலர் வெளியே சென்றுவிடுவார்கள்.

என் பரிந்துரை ‘காவலேற்று – காவல் தளர்த்து’ என்பது. நிலைகளைக் குறிக்க ‘காவலேறியது’, ‘காவல் தளர்ந்தது’ என்று எழுதலாம். விளக்கேற்று, கொடியேற்று என்பன போலக் ‘காவலேற்று’ என்பதும் ஒரு செயலைத் தொடங்கி நிலைநிறுத்துவதைச் சொல்கிறது. ‘நீக்கு’ என்றோ ‘எடு’ என்றோ கூறாமல் ‘தளர்த்து’ என்று கூறுவதில்தான் என் வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தளர்ந்த கட்டு அவிழ்ந்த கட்டு அன்று. வீட்டார் உள்ளே நடமாடும் அளவுக்குக் காவல் இடங்கொடுக்கிறது, ஆனால் அது இருந்துகொண்டே இருக்கிறது.

இதற்கு வரக்கூடிய மறுப்பு ஒன்றையும் நானே எடுத்துக்கொள்கிறேன். ‘காவல்’ என்றதும் காவல்துறை நினைவுக்கு வருகிறது. ‘காவலில் வை’ என்றால் ஒருவரைப் பிடித்து அடைத்துவைப்பது. ‘காவல் நிலை’ என்பது ‘காவல் நிலையம்’ என்பதற்கு மிக அருகில் இருக்கிறது. மூன்றும் நியாயமான ஐயங்கள். அதனால்தான் ‘காவலில் வை’ என்றோ ‘காவல் நிலை’ என்றோ நான் எழுதவில்லை. ஆனால் காவற்காரர், வயற்காவல், காவல் தெய்வம் என்று வழங்கும் இந்தச் சொல் துறையின் பெயரைக் காட்டிலும் பழையது, அகன்றது. வீட்டைக் காப்பது என்ற பொருளை ஒரு துறைப் பெயருக்காக நாம் இழக்க வேண்டியதில்லை. காவலைத் தலைச்சொல்லாகக் கொண்டால் கிளைச்சொற்களும் எளிதாகப் பிறக்கின்றன. எல்லோரும் வெளியே போகும்போது எல்லா உணரிகளும் கணக்கில் வருவதை ‘முழுக்காவல்’ என்றும், இரவில் வீட்டார் உள்ளே இருக்கும்போது அசைவுணரிகளை விலக்கிவிட்டுக் கதவு, சன்னல்களை மட்டும் காப்பதைச் ‘சுற்றுக்காவல்’ என்றும் சொல்லலாம். படுக்கப்போகும் முதியவர் ஒருவர் ‘சுற்றுக்காவல்’ என்ற பொத்தானைப் பார்த்து, விளக்கம் எதுவும் இல்லாமலே அதன் பயனை உணர்ந்துகொள்வார் என்பது என் நம்பிக்கை.

அடுத்து ‘அலாரம்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். கருவி, அது எழுப்பும் ஒலி, ஆபத்து நிகழ்ந்த நிலை, அதைப் பற்றிய செய்தி ஆகிய நான்கையும் இந்த ஒரே சொல்லால் குறிக்கிறோம். பேச்சில் இது தடையில்லை. கையேட்டில், ‘அலாரம் வந்தால் அலாரம் ஒலிக்காமல் அலாரம் மட்டும் அனுப்பப்படும்’ என்று எழுத நேரும்போது சிக்கல் தெரியவரும். அமைதியாகச் செய்தி அனுப்பும் முறை வங்கிகளிலும் நகைக்கடைகளிலும் மிகவும் தேவைப்படுவதால், இப்படி எழுத வேண்டிய இடங்கள் பல உண்டு. ‘எச்சரிக்கை’ என்பதை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தும் வழக்கத்தையும் ஏற்கத் தயங்குகிறேன். மின்கலம் குறைகிறது என்பது எச்சரிக்கை. சன்னல் உடைந்தது என்பது அதைவிட மேலான நிலை. இரண்டும் திரையில் ஒரே சொல்லோடு வந்தால், முதலாவதைப் பலமுறை பார்த்துப் பழகியவர் இரண்டாவதையும் அப்படியே கடந்துபோவார். அபாயச் சங்கிலி, அபாயச் சங்கு, அபாய மணி என்பவை நம்மிடம் ஏற்கெனவே உள்ளன. எனவே நிலைக்கு ‘அபாயம்’, செய்திக்கு ‘அபாய அறிவிப்பு’, ஒலிக்கும் கருவிக்குச் ‘சங்கு’ என்று பிரித்துக்கொள்ளலாம். ‘எச்சரிக்கை’, பழுதையும் குறைபாட்டையும் குறிக்கட்டும். அலாரம் என்ற சொல் மக்களிடம் நன்கு வேரூன்றியது. விளம்பரத்திலும் பேச்சிலும் முழு அமைப்பையும் குறிக்க அது தொடர்ந்து வழங்குவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

> ‘டாம்பர்’ என்பதற்குக் ‘குலைப்பு’, ‘இடையீடு’ என்ற இரண்டில் எது தகும்?

கருவியை யாரோ திறக்கவோ கெடுக்கவோ முயல்வதைக் குறிக்கும் இச்சொல்லுக்கு, அந்த இரண்டையும் விடக் ‘கைவைப்பு’ தகும் என்று கருதுகிறேன். பிறர் பொருளில் உரிமையில்லாமல் தலையிடுவதை ‘அதில் கைவைக்காதே’ என்றுதான் தமிழர் சொல்கிறோம். குலைப்பு என்றால் கெடுத்து முடித்தது போல ஒலிக்கிறது; கருவியோ, கெடுக்கும் முன்பே, மூடியை நெகிழ்த்தும்போதே தெரிவித்துவிடுகிறது. இடையீடு என்பதை மின் அலைகளில் நேரும் இடையூறு என்று பலர் புரிந்துகொள்வார்கள். கம்பியில்லா அமைப்புகளில் அலைகளை முடக்கும் முயற்சியும் ஒரு தனி நிலையாகக் காட்டப்படுவதால், அந்தக் குழப்பம் உண்மையிலேயே நேரும். கைவைப்பு பேச்சுவழக்கின் சாயல் உடையது என்று சிலர் தயங்கக்கூடும். திரையில் ‘கைவைப்பு: பின்கதவு உணரி’ என்று படிக்கும் எவரும் அந்த நொடியே நிகழ்ந்ததை அறிவார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

‘செயலற்ற அகச்சிவப்பு உணரி’ என்று ஒருவர் எழுதியிருந்ததைப் பற்றியும் ஒரு சொல். இந்த உணரி தானாக எந்தக் கதிரையும் விடுவதில்லை. சுமார் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி மனித உடல் இயல்பாக வெளியிடும் வெப்பக்கதிரை ஏற்று, இரு பாதிகளாக அமைந்த உணர்பரப்பில் விழும் அளவு வேறுபடுவதைக் கொண்டு அசைவை அறிகிறது. செயலற்றது என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் பழுதானது என்றே வாங்குபவர் கருதுவார். ‘கதிரேற்பு அசைவுணரி’ என்று அதன் செயலையே பெயராக்கலாம். தன்பங்குக்குக் கதிரை அனுப்பி, அது தடைபடுவதைக் காணும் வகைக்குக் ‘கதிர்விடு உணரி’ என்ற பெயர் பொருந்தும்.

‘ஃபால்ஸ் அலாரம்’ என்பதற்குப் ‘பொய்யறிவிப்பு’ போதும். எனினும், உணரி சரியாகவே வேலை செய்தும் காரணம் பூனையாகவோ சூடான காற்றில் ஆடிய திரைச்சீலையாகவோ இருந்துவிடும் நிகழ்ச்சிகளை ‘வீணறிவிப்பு’ என்று பிரித்துச் சொல்வது பயன் தரும். முன்னதற்குப் பழுதுபார்ப்பவர் வேண்டும். பின்னதற்கு உணரியின் இடத்தை மாற்றினால் போதும். உள்ளே நுழைந்தபின் குறியெண்ணை அழுத்தக் கிடைக்கும் அரை நிமிடத்தையோ ஒரு நிமிடத்தையோ ‘தாமதம்’ என்பதைவிட ‘நுழைவு அவகாசம்’ என்பது சரி. வெளியே செல்வதற்கு ‘வெளியேறும் அவகாசம்’.

ஓர் உணரியையோ சில உணரிகளையோ ஓர் அலகாகக் கொண்டு பெட்டி கண்காணிக்கும் ‘ஸோன்’ என்பதற்கான சொல்லில் எனக்கு இன்னும் தெளிவு ஏற்படவில்லை. ‘வலயம்’ நல்ல சொல். ஆனால் கம்பிச் சுற்றைக் குறிக்க ‘வளையம்’ என்று அதே பக்கத்தில் எழுத வேண்டியிருப்பதால், ஓர் எழுத்துப் பிழையில் பொருள் மாறிவிடும். ‘பகுதி’ என்று இந்த மடலில் எழுதியிருக்கிறேன். பல ஸோன்களைச் சேர்த்து மாடிக்குத் தனியாகவும் கிடங்குக்குத் தனியாகவும் காவலேற்றும் ‘பார்ட்டிஷன்’ என்பதற்குப் ‘பிரிவு’ என்று வைத்தால், பகுதியும் பிரிவும் போதுமான அளவு வேறுபடுகின்றனவா என்பதைக் கருவி பொருத்தும் தொழிலில் உள்ள நண்பர்கள் சொல்ல வேண்டும். அவர்கள் நாள்தோறும் வாடிக்கையாளருக்கு வாய்மொழியாக விளக்கும்போது கையாளும் தமிழ்ச் சொல் ஏதேனும் இருந்தால், அதை அப்படியே இங்கே எழுதுங்கள். நாம் புதிதாக ஆக்குவதைக் காட்டிலும் அதற்கே முதலிடம் தரலாம்.

அன்புடன்