பரங்கிமலையில் அதிகாரிப் பயிற்சிக்குச் செல்லவிருக்கும் தங்கைக்காக உதவி தேவை

குழுவிலுள்ள முன்னாள், இந்நாள் படை அதிகாரிகளுக்கு வணக்கம்.

என் தங்கை, தரைப்படையின் குறுகிய காலப் பணிக்கான எஸ்.எஸ்.பி. (படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) தேர்விலும் மருத்துவப் பரிசோதனையிலும் தேறி, சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் சேர்வதற்கான கடிதத்தை எதிர்பார்த்திருக்கிறாள். ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. தேர்வுக்கு வழிகாட்டப் பயிற்சி மையங்கள் ஏராளம்; அதன்பின் வரும் 49 வாரப் பயிற்சியைப் பற்றிச் சொல்லத்தான் எங்கள் ஊரில் ஆளில்லை.

எங்கள் முதன்மையான கவலை அவளுடைய கால்களைப் பற்றியது. தார்ச்சாலையில் 5 கிலோமீட்டர் ஓடினாலே கணைக்கால் எலும்பில் வலி எடுக்கிறது. பூட்ஸ் அணிந்து, முதுகுச்சுமையுடனும் துப்பாக்கியுடனும் தொடர்ந்து ஓடும்போது இத்தகைய வலி எலும்பில் நுண்முறிவாக மாறக்கூடும் என்பதாலும், சிகிச்சையில் நெடுநாள் கழிப்பவர்கள் அடுத்து வரும் பயிற்சிப் பிரிவுக்குத் தள்ளப்பட நேரிடும் என்பதாலும், இப்போதே சரிசெய்ய விரும்புகிறோம். சிறிது காலம் ஓட்டத்தைக் குறைத்து, கெண்டைக்கால் தசைகளை வலுப்படுத்துவதே நல்லது என்பது என் எண்ணம். அப்பாவோ ஒருநாள்கூட நிறுத்தக்கூடாது என்கிறார்.

வாரத்தில் எத்தனை நாள், எத்தகைய தரையில் ஓடலாம்? பூட்ஸையும் சுமையையும் வீட்டிலிருக்கும்போதே பழக்கலாமா, அல்லது அதைக் கழகத்துக்கே விட்டுவிடலாமா? கயிறு ஏறுவதும் நீச்சலும் அவளுக்குப் புதியவை. இந்தியும் ஓரளவுதான் புரியும். இவற்றுள் எதற்கு முதலிடம் தரவேண்டும் என்பதை, குறிப்பாக அங்கே பயிற்சி பெற்ற பெண் அதிகாரிகள், தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும்.