வேலையை விடாமல் நகர்ப்புறக் கல்வியில் முதுகலை: எம்.எட்.டா, எம்.ஏ.வா?

கோட்டாறு_டீச்சர்:
நாகர்கோவிலில் உதவி பெறும் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை, கணக்கு. எம்.எஸ்சி., பி.எட். இரண்டிலும் 55%க்கு மேல் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கென்று நகர்ப்புறக் கல்வியில், அதாவது நகரத்துப் பள்ளிகளையும் பிள்ளைகளையும் பற்றிய படிப்பில், முதுகலை நடத்துகிறார்கள். மாலை வகுப்பு, கோடை வகுப்பு என்று 30 முதல் 36 கிரெடிட் வரை. நம்ம ஊரில் அதுக்கு ஈடா என்ன படிக்கலாம்? சம்பளம் விட முடியாது. படிச்சா என்ன பயன் என்பதையும் சொல்லுங்க.

வேணாட்டு_வாத்தியார்:
டீச்சர், "நகர்ப்புறக் கல்வி" என்று பெயர் போட்ட பட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். இங்கே பொதுவான கல்வியியல் பட்டத்தில் சேர்ந்து, ஆய்வுத் தலைப்பை நகர்ப்புறம் பக்கம் திருப்புவதுதான் நடக்கிற காரியம்.

எம்.எட். வேலையோடு ஒத்துவராது. 2014 என்.சி.டி.இ. (ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சில்) விதிப்படி அது 2 வருஷ முழுநேரப் படிப்பு. வருஷத்துக்கு 200 வேலை நாள், வாரம் 36 மணி நேரம், வகுப்பில் 80% வருகை, களப்பணியில் 90%. பள்ளிப் பதிவேட்டிலும் கையெழுத்து, கல்லூரிப் பதிவேட்டிலும் கையெழுத்து என்று ஓட்டிவிடலாம் என்பார்கள், நம்பாதீங்க. சான்றிதழ் சரிபார்ப்பில் இரண்டு பதிவேட்டின் தேதியையும் ஒப்பிட்டால் பட்டமும் போகும், வேலைக்கும் விளக்கம் எழுதணும். முறையா படிக்கணும்னா விடுப்பு எடுத்தாகணும்.

2025 பிப்ரவரியில் வந்த என்.சி.டி.இ. வரைவில், வேலை பார்ப்பவர்களுக்கு 2 வருஷப் பகுதிநேர எம்.எட். பற்றிப் பேச்சு இருக்கு. எந்தக் கல்லூரியாவது "பகுதிநேரம் ஆரம்பிச்சாச்சு" என்று சொன்னால், அந்தப் படிப்புக்கான அங்கீகார உத்தரவைக் காட்டச் சொல்லுங்க. பி.எட்.டுக்கு வாங்கின உத்தரவை நீட்டினால் எழுந்து வந்திருங்க.

மிச்சம் இருப்பது தொலைதூர எம்.ஏ. கல்வியியல். இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) குறைந்தது 2 வருஷம், கூடினால் 4 வருஷத்துக்குள் முடிக்கலாம். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். ஆங்கிலமும் இந்தியும்தான், தமிழ் வழி கிடையாது. பலரும் சறுக்குவது ஒப்படைப்பில்தான்: கடைசி வாரத்தில் இணையத்தில் இருந்து எடுத்து ஒட்டுகிறார்கள். வேற பல்கலைக்கழகம் என்றால் யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைதூரக் கல்விப் பிரிவான டி.இ.பி.யின் பட்டியலில் அந்தப் படிப்பும் அந்த வருஷமும் இருக்கா என்று பாருங்க. இப்போ சேரும் முன்னாலேயே டி.இ.பி. அடையாள எண் எடுக்கணும்.

அமெரிக்க இணையவழிப் பட்டம் இங்கே வேலைக்கு எடுபடும் என்று யாராவது சொன்னால், இணைத்தன்மை (இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்ற சான்று) கிடைக்குமா என்று எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீங்க.

தேரூர்_பக்கம்:
பயன் என்னவென்று முதலில் தெளிவு பண்ணிக்கிடுங்க. ஊக்க ஊதிய உயர்வுக்காகப் படிப்பதா இருந்தால் நிறுத்திக்கலாம், 10.03.2020 அரசாணையோடு பழைய முன் ஊதிய உயர்வு முறை முடிஞ்சுபோச்சு. முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு உங்க எம்.எஸ்சி., பி.எட். போதும்.

பி.எட். கல்லூரிப் பணிதான் குறி என்றால் இரண்டு வழி உண்டு. கல்வியின் அடிப்படைத் தாள்களுக்கு எம்.ஏ. கல்வியியலில் 55%, பி.எட்.டில் 55% இருந்தால் என்.சி.டி.இ. விதிப்படி தகுதி. கணக்குக் கற்பித்தல் தாள் எடுக்கணும்னா எம்.எஸ்சி.யோடு எம்.எட். கட்டாயம், அதிலும் 55%. எம்.ஏ. முடிச்சிட்டுக் கற்பித்தல் தாளுக்கு விண்ணப்பித்துத் திரும்பி வருவது நிறைய நடக்குது. இதோடு நெட் அல்லது செட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகள்) தேறணும், எம்.ஏ. கல்வியியல் முடிச்சவங்க கல்வியியல் பாடத்தில் நெட் எழுதலாம்.

உதவி பெறும் பள்ளி என்பதால் செயலர் வழியாக முன் அனுமதி வாங்கி, அந்த ஆணையின் தேதி சேர்க்கைத் தேதிக்கு முந்தியதா இருக்கணும். பின்தேதி அனுமதியோடு பணிப்பதிவேட்டில் பட்டத்தைப் பதியப் போனால் அங்கேயே நிற்கும்.

கோட்டாறு_டீச்சர்:
ரொம்ப நன்றி. அப்போ எம்.ஏ.தான். ஆய்வுக்கு "கன்னியாகுமரி மாவட்ட ஊரக, நகர்ப்புற மாணவர்களின் கணிதப் பயம், ஓர் ஒப்பீடு" என்று யோசிக்கிறேன். சரியா வருமா?

கடலோர_வாசகன்:
அந்தத் தலைப்பை மட்டும் எடுக்காதீங்க டீச்சர், நம்ம மாவட்டத்தில் அது உடைஞ்சுபோகும். 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்ட மக்களில் 82% பேர் நகர்ப்புறம். காரணம் பேரூராட்சிகள். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று சட்டப்படி நகர உள்ளாட்சியா அமைந்த ஊர் எல்லாமே கணக்கெடுப்பில் நகரம்தான். 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளரில் 75% விவசாயம் அல்லாத வேலை என்ற அளவுகோல் மற்ற ஊர்களுக்குத்தான். அதனால ரப்பர் பால் வெட்டும் பொன்மனையும் நகரம், வடசேரியும் நகரம். இரண்டையும் ஒரே கூடையில் போட்டு 'டி' சோதனை (இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் புள்ளியியல் சோதனை) பண்ணினால் வித்தியாசம் இல்லை என்றுதான் வரும். அது மாணவர்களைப் பற்றி எதையும் சொல்லாது, உள்ளாட்சித் துறையின் பெயர்ப்பலகையைத்தான் சொல்லும்.

வாழ்விடத்தை வைத்துப் பிரிங்க: நாகர்கோவில் மாநகராட்சியின் நெரிசலான வார்டுகள், கடற்கரை மீனவ ஊர்கள், குலசேகரம் பக்கத்து ரப்பர் மலையோரம். வகைக்கு 3 பள்ளி, 9ஆம் வகுப்பு மட்டும், பள்ளிக்கு 30 பேர் என்றால் 270. ஒரு ஆள் கையால் முடிக்கக்கூடிய அளவு. உங்க வகுப்புப் பிள்ளைகளைச் சேர்க்காதீங்க, மதிப்பெண் பயத்தில் உங்களுக்குப் பிடிச்ச பதிலைத்தான் எழுதும். வடமாநிலத் தொழிலாளர் பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் தமிழ் வினாத்தாளை நீட்டினால், அளப்பது கணக்குப் பயமா தமிழ்ப் பயமா என்று தெரியாது. வாய்மொழியா கேளுங்க, அல்லது தனியா வைங்க. எல்லையோரத்தில் மலையாள வழிப் பிரிவு உள்ள பள்ளிக்கும் இதே கதைதான்.

காலமும் முக்கியம். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடைக்காலம். ஆழ்கடல் போகும் அப்பாக்களைப் பேட்டி எடுக்கணும்னா அப்போதான் வீட்டில் கிடைப்பாங்க. அதே நேரம், அந்த இரண்டு மாச வருகைப் பதிவை வருஷம் முழுக்க அப்படித்தான் என்று எழுதிடாதீங்க. அக்டோபர், நவம்பரில் மழை விடுமுறை, டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா உள்ளூர் விடுமுறை, அப்புறம் அரையாண்டுத் தேர்வு. அந்த மூன்று மாசத்தில் களப்பணி வைத்தவங்க ஜனவரியில் திரும்பப் போகவேண்டி வரும்.

வேணாட்டு_வாத்தியார்:
ஒண்ணு சேர்த்துக்கிடுங்க. வினாத்தாளை முதலில் மாதிரியில் இல்லாத பள்ளியில் 30 பிள்ளைகளுக்குக் கொடுத்து, கிரான்பாக் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகுதா என்று காட்டும் எண்) 0.7க்குக் கீழே வந்தால் கேள்விகளைத் திருத்துங்க. பெரும்பாலும் கெடுப்பது "எனக்குக் கணக்கு பிடிக்காமல் இல்லை" மாதிரி இரட்டை எதிர்மறை வாக்கியம்தான். ஆய்வுத் திட்ட முன்வரைவுக்கு ஒப்புதல் வரும் முன் தரவு எடுக்காதீங்க, வழிகாட்டி தலைப்பை மாற்றினால் 270 தாளும் எடைக்குத்தான். மாவட்டக் கல்வி அலுவலக அனுமதி, தலைமையாசிரியர் கடிதம், பெற்றோர் ஒப்புதல் மூன்றையும் பள்ளி வாரியா தனித்தனி உறையில் வைங்க.

தேரூர்_பக்கம்:
பெற்றோர் ஒப்புதல் படிவம் தமிழில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். நாலு பக்கம் கொடுத்தால் கையெழுத்தோடு திரும்பி வராது.