ஐஎஃப்எஸ் (இந்திய வெளியுறவுப் பணி) சேர்ந்து தூதராக எத்தனை வருஷம்? நடுவில் என்ன வேலை?

தேனி மாணவி:
வணக்கம். சிவில் சர்வீஸ் மெயின்ஸ் எழுதப் போகிறேன். விருப்பப் பட்டியலில் ஐஏஎஸ்ஸுக்கு மேலே ஐஎஃப்எஸ் போடலாமா என்று குழப்பம். சேர்ந்த நாள் முதல் தூதர் நாற்காலி வரை எத்தனை வருஷம், நடுவில் என்ன வேலை, எங்கே சறுக்கும்? பெண்களுக்குத் தனியாகத் தடை ஏதும் உண்டா? விவரம் தெரிந்த அண்ணன், அக்காமார் சொல்லுங்கள்.

மேலூரான்:
முதல் தூதர் பதவி பெரும்பாலும் 15, 20 வருஷ சேவைக்குப் பிறகுதான் வரும் தங்கச்சி. அதுவும் சின்ன தூதரகமாக இருக்கும். வாஷிங்டன், பெய்ஜிங், மாஸ்கோ எல்லாம் சீனியாரிட்டியின் உச்சியில் இருப்பவர்களுக்கு.

முசோரியில் அடிப்படைப் பயிற்சி, அடுத்து டெல்லியில் சுஷ்மா ஸ்வராஜ் வெளியுறவுப் பணி நிறுவனம். அது முடிந்ததும் கட்டாய அந்நிய மொழி. பலரும் இதை லேசாக நினைத்துவிடுகிறார்கள். ரேங்க், உங்கள் விருப்பம், அமைச்சகத்தின் தேவை மூன்றையும் பார்த்து மொழி ஒதுக்குவார்கள். மூன்றாம் செயலராக (தூதரகத்தில் தொடக்கப் பதவி) அந்த மொழி பேசும் ஊருக்கே அனுப்பிப் படிக்க வைப்பார்கள். தேர்வில் தேறினால்தான் பணி உறுதியாகும். சீனம், அரபு, ஜப்பானியம் என்றால் பாடு அதிகம். ஆனால் பிற்காலத்தில் அந்த நாட்டுப் பதவிகளுக்கு ஆள் தேடும்போது முதலில் உங்கள் பெயர்தான் நினைவுக்கு வரும்.

அதற்காக மொழி ஒரே நாட்டில் கட்டிப்போட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். பின்னாளில் வெளியுறவு அமைச்சரான ஜெய்சங்கர் 1977 பேட்ச், ரஷ்ய மொழி, தொடக்கம் மாஸ்கோ. தூதரானது செக் குடியரசில். பிறகு சிங்கப்பூரில் ஹை கமிஷனர், 2009ல் பெய்ஜிங், 2013ல் வாஷிங்டன், 2015ல் வெளியுறவுச் செயலர். (காமன்வெல்த் நாடு என்றால் தூதருக்கு ஹை கமிஷனர் என்று பெயர், வேலை ஒன்றுதான்.)

வெளிநாட்டில் இரண்டாம் செயலர், முதல் செயலர், கவுன்சிலர், மினிஸ்டர் என்று ஏறும் (எல்லாம் தூதரகப் பதவிகள், அரசியல் பதவி அல்ல). டெல்லிக்கு வந்தால் அதே ஆள் சார்புச் செயலர், துணைச் செயலர், இயக்குநர், இணைச் செயலர். வெளியே சில வருஷம், டெல்லியில் சில வருஷம் என்று மாறி மாறி ஓடும். சாதாரண ஊரில் மூன்று வருஷம், கடினமான ஊரில் இரண்டு.

கயல்:
நடுவில் என்ன வேலை என்று கேட்டீர்களே, தூதரகச் சேவைப் பிரிவைச் சொல்லாமல் அது முடியாது. பயிற்சி நூல்களில் இதற்கு ஓரிரு பக்கம்தான், ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு இந்திய அரசு என்றாலே அந்த ஜன்னல்தான்.

வளைகுடாவில் ஒரு தொழிலாளி இறந்துவிட்டார் என்று வையுங்கள். அந்த நாட்டு இறப்புச் சான்று, போலீஸ் அனுமதி, உடலைப் பதப்படுத்திய சான்று, ரத்து முத்திரை குத்திய பாஸ்போர்ட், தூதரகத்தின் தடையில்லாச் சான்று எல்லாம் சேர்ந்தால்தான் உடல் விமானம் ஏறும். தமிழர்கள் விஷயத்தில் பெயர்தான் அடிக்கடி சிக்கல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், கம்பெனிப் பதிவில் வெறும் இனிஷியல் இருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்று எழுதிக் கொடுக்கும்வரை காகிதம் நகராது. முதலாளி செலவை ஏற்காவிட்டால், 2009ல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதியிலிருந்து கொடுக்க வழி உண்டு. தகுதியைப் பார்த்துப் பரிந்துரை எழுதும் அதிகாரி தாமதித்தால் ஊரில் ஒரு குடும்பம் காத்துக் கிடக்கும்.

யாராவது கைதானால் தூதரகச் சேவை பற்றிய 1963 வியன்னா உடன்படிக்கையின் 36வது பிரிவைப் பிடிக்க வேண்டும், கைதானவரைத் தூதரக அதிகாரி சந்திக்கும் உரிமை அதில்தான் இருக்கிறது. பாகிஸ்தானில் கைதான இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் 2019 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் பாகிஸ்தான் மீறியதாகச் சொன்னது இந்தப் பிரிவைத்தான். இந்த வேலையை மனதார செய்யாதவர் பின்னால் நல்ல தூதராக வருவார் என்று நான் நம்பவில்லை.

பெண்களுக்கு இன்று தனித் தடை கிடையாது. ஆனால் அது சும்மா வந்ததில்லை. 1949ல் சேர்ந்த முதல் பெண் அதிகாரி சி.பி. முத்தம்மா, சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் படித்தவர். அந்தக் காலத்து விதிப்படி, பெண் அதிகாரி திருமணம் செய்ய அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறு என்று அரசு கருதினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கையிலேயே உயர்வு கிடைத்துவிட்டதால் மனுவை முடித்துவைத்தார்கள். ஆனாலும் நீதிபதி கிருஷ்ணய்யர் 1979 தீர்ப்பில் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடி, எல்லா விதிகளையும் திருத்தச் சொன்னார். வெளிநாட்டவரைத் திருமணம் செய்ய முன் அனுமதி என்பது இன்றும் உண்டு, அது ஆண் பெண் இருவருக்கும்.

வடகரை:
நியமனம் எப்படி நடக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டெல்லியில் பெயர் முடிவானதும் அறிவிக்க மாட்டார்கள். முதலில் அந்த நாட்டிடம் ரகசியமாகச் சம்மதம் கேட்பார்கள். தூதர்கள் பற்றிய இன்னொரு உடன்படிக்கையான 1961 வியன்னா உடன்படிக்கை 4வது பிரிவின்படி, மறுத்தால் காரணம் சொல்லத் தேவையில்லை. பல சமயம் மறுக்கவும் மாட்டார்கள், பதிலே வராது. 2015ல் இஸ்ரேல் டானி டயானை பிரேசிலுக்கு அறிவித்தது. அவர் பாலஸ்தீனர்களின் மேற்குக் கரைப் பகுதியில் உள்ள யூதக் குடியேற்றங்களின் அமைப்புக்குத் தலைவராக இருந்தவர் என்பதால் பிரேசில் மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லை. கடைசியில் 2016ல் அவரை நியூயார்க்குக்குத் துணைத் தூதராக (கான்சல் ஜெனரல்) மாற்றினார்கள். சம்மதம் வரும் முன் பெயர் வெளியே போனால் இதுதான் ஆபத்து.

சம்மதம் வந்தபின் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட நற்சான்றுக் கடிதம், முந்தைய தூதரைத் திரும்ப அழைக்கும் கடிதம் இரண்டோடும் போக வேண்டும். இறங்கியதும் நகலை அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தில் கொடுத்து, அசலை நாட்டுத் தலைவரிடம் நேரில் கொடுக்கத் தேதி கேட்பார்கள். வாரக்கணக்கில் இழுக்கும் இடமும் உண்டு, அதுவரை பொதுவில் அடக்கி வாசிக்க வேண்டும். பல நாடுகளுக்கு ஒரே தூதர் என்றால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். ரோமில் இருப்பவர் சான் மரினோவுக்கும், பிரிட்டோரியாவில் இருப்பவர் லெசோதோவுக்கும் சேர்த்து.

தேனி மாணவி:
எல்லோருக்கும் மிக்க நன்றி. ரேங்க் வரவில்லை என்றால், சிஜிஎல் (எஸ்எஸ்சி நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வு) எழுதி வெளியுறவு அமைச்சகத்தில் உதவிப் பிரிவு அலுவலராகச் சேர்ந்து தூதராக முடியுமா?

மேலூரான்:
முடியும், அது ஐஎஃப்எஸ்ஸில் கீழ்நிலையான பி பிரிவு வழி. பதவி உயர்வில், சிவில் சர்வீஸ் வழியாக வருவோர் சேரும் ஏ பிரிவுக்கு வர வேண்டும், அதற்கே பல வருஷம் போகும். 60 வயது ஓய்வுக்குள் சின்ன தூதரகங்களுக்குத் தலைவரானவர்கள் இருக்கிறார்கள். சிறு வயதிலேயே சேர்ந்தால்தான் கணக்கு வரும். ஆகவே சிஜிஎல் எழுதுவதானால் இப்போதே எழுதுங்கள், சிவில் சர்வீஸ் வாய்ப்புகள் தீரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.